கைடில் இல்லாத பக்கங்கள்

உன் நோட்டு திரும்பி வந்துவிட்டது. மேஜை மேல் கிடக்கிறது. பிரவுன் அட்டை ஓரமெல்லாம் பிய்ந்து, லேபிளில் உன் பேர் பாதி அழிந்து, நெல் அவிக்கிற வாசனையோடு. நோட்டுக்கு எப்படி அந்த வாசனை வந்தது என்று கேட்காதே. பத்து வருஷம் ரைஸ் மில்லில் இருந்தால் எதற்கும் வரும். உன் துப்பட்டாவிலும் இதே வாசனைதான். சனிக்கிழமை பஸ்ஸில் முதலில் அந்த வாசனை வரும், அப்புறம்தான் நீ வந்து உட்காருவாய்.

"வாங்கினதும் அடுப்புல போட்டுடு" என்றாய். போடத்தான் போனேன். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன். நாளைச் சாயங்காலத்துக்குள் இதை என்ன செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும். காலையிலிருந்து மூன்று தடவை டீ போட்டேன், மூன்றும் ஆறிப்போனது. கல்லூரியில் பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கவே மறந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் பேசும்போது மட்டும்தான் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கும் என்று நீயே கிண்டல் செய்வாய்.

நாம் இருவரும் தபாலில் எம்.ஏ. இங்கிலீஷ் சேர்ந்த வருஷத்திலிருந்து தொடங்குகிறேன். நான் கரிக்கலாம்பாக்கத்தில் ஏறுவேன். நீ அபிஷேகப்பாக்கத்தில் ஏறுவாய். சனிக்கிழமை வகுப்புக்குப் பாண்டி போவோம். நான் வீட்டில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ எங்கள் ஊரைத் தாண்டி பாகூர் ரோட்டில் இருந்த மில்லில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தாய். படிப்பில் நான் கெட்டி என்று ஊரே சொல்லும், நானும் நம்பினேன். நீ மெதுவாகப் படிப்பாய். ஒரு பக்கத்துக்கு ஒரு பஸ் ஸ்டாப் ஆகும்.

முதல் வருஷப் பாடத்தில்தான் அந்த நாவல் இருந்தது. இங்கிலாந்தில் இருநூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் எழுதியது. முழுக்க முழுக்கக் கடிதங்கள். பெரிய வீட்டில் வேலை செய்கிற ஏழைப் பெண் ஒருத்தி தன் அப்பா அம்மாவுக்கு எழுதுகிறாள். வீட்டு முதலாளி அவளை எப்படியாவது தன் வழிக்குக் கொண்டுவரப் பார்க்கிறான். துணிமணி கொடுக்கிறான், ஆசை காட்டுகிறான், மிரட்டுகிறான், ஓரிடத்தில் அடைத்தே வைக்கிறான். அவள் மசியவில்லை. கடைசியில் அவள் எழுதிய கடிதங்கள் அவன் கையில் சிக்குகின்றன. படிக்கிறான், மனசு மாறுகிறான், அவளையே முறையாகக் கல்யாணம் செய்துகொள்கிறான். ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு. வகுப்பில் சார் இதை ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்தார். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கைடில் நாலரைப் பக்கத்தில் முடித்திருந்தார்கள். தபாலில் எம்.ஏ. படித்த நம் செட்டில் எல்லோருக்கும் கைடுதான் வேதம். யாரும் மூலப் புத்தகத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நானும்தான்.

நீ மட்டும் லைப்ரரியிலிருந்து அந்தச் செங்கல் சைஸ் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு வந்தாய். "இன்னாடி, இத்த வச்சு யாரையாவது அடிக்கப் போறியா?" என்று சிரித்தேன். "படிக்கத்தான் எடுத்தேன்" என்றாய், சீரியசாக.

பஸ்ஸில் நீ படித்ததைத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டே வருவாய். நம் முன் சீட்டில் பூக்கூடையோடு ஓர் அம்மா உட்காருவார், ஞாபகமிருக்கிறதா? இரண்டு வாரம் கேட்காத மாதிரி கேட்டார். மூன்றாவது வாரம் நீ ஏறியதும் ஏறாததுமாகத் திரும்பி, "அப்பால இன்னா ஆச்சு, அந்தப் பொண்ணு தப்பிச்சாளா?" என்றார். அதற்கப்புறம் நமக்கு ஆளுக்கொரு முழம் பூ நிச்சயம். நீ இழுத்து இழுத்துச் சொன்னாய். அவள் எங்கே எழுதினாள், எழுதியதை எங்கே ஒளித்துவைத்தாள், கதவுத் தாழ்ப்பாள் அசையும்போது அவளுக்கு என்ன செய்தது என்றெல்லாம். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் குறுக்கே புகுந்து முடிவைப் போட்டு உடைத்தேன். "அவன் மனசு மாறிட்டாம்மா, நல்லவனாயிட்டான். அவளையே கட்டிக்கினான்."

பூக்கார அம்மா கூடையை மடியில் ஏற்றிக்கொண்டார். "மாறிட்டான்னு யாரு சொன்னது? அவனேவா?"

நீ சிரித்தாய் பார், தவளக்குப்பம் வரைக்கும் சிரித்தாய். எனக்குக் கோபமாக வந்தது. முடிவு அப்படித்தான் இருக்கிறது, கைடில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது, இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அன்றைக்கு அந்த அம்மா சொன்னதை மட்டும் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

உன் அண்ணன் தினமும் சாயங்காலம் உன் போனை வாங்கிப் பார்ப்பார். யார் பேசினார்கள், யார் மெசேஜ் போட்டார்கள், எல்லாம். அதனால்தான் இந்த நோட்டு. முன்பக்கத்திலிருந்து எம்.ஏ. அசைன்மெண்ட். திருப்பிப் போட்டால், பின்பக்கத்திலிருந்து எனக்கு எழுதும் கடிதம், இங்கிலீஷில். உங்கள் வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பதுதான் நம் பூட்டும் சாவியும். சனிக்கிழமை நீ கொடுப்பாய், அடுத்த சனிக்கிழமை நான் கீழே பதில் எழுதித் தருவேன். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. மில்லில் யார் என்ன சாப்பிட்டார்கள், புது லாரி டிரைவருக்கு மீசை எப்படி என்று ஒரே கிண்டல்.

அப்புறம் முதலாளியின் மகன் வந்தான். சென்னையில் படிப்பை முடித்துவிட்டு மில்லைப் பார்த்துக்கொள்ள வந்தவன். எல்லோரும் சின்ன முதலாளி என்பார்கள். நீ கேட்காமலேயே உன் போனுக்கு ரீசார்ஜ் போட்டான். வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாமல், கம்பெனியில் எல்லோருக்கும் போடுகிறார்கள் என்று அண்ணனிடம் பொய் சொன்னதாக எழுதியிருந்தாய். அடுத்து, செத்துப்போன அவன் அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றை அட்டைப்பெட்டியில் வைத்து உன் மேஜையில் வைத்தான். நீ திருப்பி அவன் மேஜையில் வைத்தாய். குடோன் வாசலில் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றான். குனிந்து போகச் சொன்னான். நீ குனியவில்லையாம். கால் மணி நேரம் நின்றாயாம், நெல் தூற்றுகிற ஆயாக்கள் வரும்வரை. இதையெல்லாம் படித்தபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அட, அப்படியே நாவல் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. உன் பயத்தை விட அந்த ஒற்றுமைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை நீ கொடுத்த கடிதம் சின்னது. அரைப் பக்கம். "ஐந்தே கால் வரைக்கும் ஏதாவது வேலை கொடுத்து நிறுத்துகிறான். ஐந்து இருபது பஸ் போய்விடுகிறது. அப்புறம் காரை எடுத்துக்கொண்டு கேட்டில் நிற்கிறான். இரண்டு நாள் நடந்தே போனேன், பின்னாலேயே கார் வந்தது. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு நீ வந்து மில் கேட்டில் நில். யாரோ நிற்கிறார்கள் என்று தெரிந்தால் விட்டுவிடுவான். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்." கடைசி வரியின் கீழே கோடு போட்டிருந்தாய்.

மில்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். நான் வரவில்லை. பத்தாவது போகிற பிள்ளைகளுக்கு லீவிலேயே டியூஷன் வைத்திருந்தேன், நாலரைக்குத் தொடங்கும். அது ஒரு சாக்கு. உண்மையான காரணம் வேறு. கேட்டில் போய் நிற்பதெல்லாம் ஒரு தீர்வா என்று நினைத்தேன். இன்றைக்கு நிற்கலாம், நாளைக்கு? நாளை மறுநாள்? வேரோடு தீர்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பெரிய மனுஷி எழுந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குத் துணைக்கு நாலரைப் பக்கக் கைடு.

அந்த வாரமே வில்லியனூர் தேர். உனக்கு லீவு, அம்மாவோடு வடம் பிடிக்கப் போயிருந்தாய். நோட்டு என்னிடம் இருந்தது. நான் குளித்து, காட்டன் புடவை கட்டிக்கொண்டு மில்லுக்குப் போனேன். அவன் மரியாதையாக எழுந்து நின்றான், டீ வரவழைத்தான். நோட்டை மேஜை மேல் வைத்து, "இத்தப் படிச்சுப் பாருங்க, அவ உங்களால எவ்ளோ கஷ்டப்படறான்னு தெரியும்" என்றேன். எனக்குக் குரல் நடுங்கவே இல்லை. அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குடுத்துட்டுப் போங்க தங்கச்சி, பொறுமையா படிக்கறேன்" என்றான். திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

பத்தே நாளில் அவன் பெரியப்பா, சித்தி, சொந்தபந்தம் எல்லோரும் தட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மில்லுக்காரர் வீட்டிலிருந்து ஷீட் போட்ட வீட்டுக்குப் பெண் கேட்டு! அபிஷேகப்பாக்கமே வாசலில் நின்றதாகச் சொன்னார்கள். எனக்குச் செய்தி வந்ததும் நான் குதித்தேன். படித்தான், மாறினான், வந்துவிட்டான். கைடில் சொன்னபடியே.

மறுநாள் காலையில் நீ வந்தாய். உள்ளே வா என்றால் வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றாய்.

"நோட்டு எங்கடி?"

நான் கேட்டைத் திறந்து பிடித்தேன்.

"அவன் எங்கிட்ட இன்னா சொன்னான் தெரியுமா? நான் கிட்ட வந்தா உனுக்குக் கை நடுங்குதுன்னு எழுதியிருக்கியே, அந்த எடத்த மட்டும் ரெண்டு தடவ படிச்சேன்னு சொன்னான். சிரிச்சுக்கினே சொன்னான். நான் பயந்தத உக்காந்து ரசிச்சுப் படிச்சிருக்கான்டி."

"ஆனா தட்டோட வந்துட்டானே. முறையா கட்டிக்கறேன்னுதான கேக்கறான். கதையிலயும்..."

"நீ கைடுதான படிச்ச." நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ எத்தினி தடவ மயங்கி வுழுந்தான்னு கைடுல இருக்குதா? தாழ்ப்பா சத்தம் கேட்டா அவளுக்கு வயிறு இன்னா பண்ணும்னு இருக்குதா? அவளுக்காவது அவனப் புடிச்சிருந்துச்சு. எனுக்கு?"

அப்புறம், "வந்து நில்லுன்னுதான கேட்டேன். அது உனுக்குச் சின்ன விஷயமா பூடுச்சா?" என்றாய். பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது தடவை அவர்கள் பூ வைக்க வந்தபோது, நீ கூடத்துக்கு வந்து, "தட்ட எடுத்துக்கினு போங்க" என்று பெரியவர்கள் முன்னாலேயே சொன்னாய். அண்ணன் அறைந்தார். நீ திரும்ப அதையே சொன்னாய். ஊரில் ஒருத்தரும் உன்னை மெச்சவில்லை. கொழுப்பு என்றார்கள். அந்தக் கதைப் பெண்ணுக்கு ஒழுக்கத்துக்குக் கோட்டை கிடைத்தது. உனக்குத் திருவாண்டார்கோயில் கம்பெனியில் ஒரு வேலையும், நாலு பெண்களோடு ஓர் அறையும் கிடைத்தது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டு ஒரு பையோடு போனாயாம். பரீட்சைக்கு நீ வரவில்லை. நான் போனேன். அந்த நாவலைப் பற்றியே பதினைந்து மார்க் கேள்வி வந்திருந்தது. எழுதினேன், நன்றாகவே எழுதினேன். ஃபர்ஸ்ட் கிளாஸ். அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டித்தான் இன்றைக்கு நான் சாப்பிடுகிறேன்.

ரிசல்ட் வந்த பிறகு லைப்ரரிக்குப் போய் அந்தச் செங்கல் புத்தகத்தை எடுத்தேன். உன் பஸ் டிக்கெட் ஒன்று நடுவில் அடையாளத்துக்கு இருந்தது. அங்கிருந்து முன்னால் போய் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். மூன்று மாதம் ஆயிற்று. நீ பஸ்ஸில் சொன்னது எதுவும் கைடில் இல்லை, எல்லாம் இதில் இருந்தது. படித்து முடித்ததும் உன்னிடம் ஓடி வந்து சொல்ல வேண்டும் போலிருந்தது. எந்த மூஞ்சியோடு வருவது?

இரண்டு வருஷம் கழித்து வில்லியனூரில் ஒரு நாள் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரத்தில் கம்பெனி கோட்டு போட்டுக்கொண்டு நீ. என்னைப் பார்த்தாய். நான் இறங்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள், மடியில் இருந்த டிபன் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பக்கத்து சீட்டைத் தட்டி, "உக்காரு" என்றாய். நெல் வாசனை இல்லை, ஏதோ மெஷின் ஆயில் வாசனை. அழுதேன். "சனியனே, பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க" என்றாய். உன் திட்டைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் விடமாட்டாய். ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அந்த நோட்ட வாங்கி அடுப்புல போடு. அவன் கையில என் எழுத்து இருக்கக் கூடாது." சரி என்றேன். சரி சரி என்று ஏழு வருஷம் சொன்னேன். அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது, இப்போது போய்க் கேட்டால் நன்றாயிருக்காது என்பேன். பொங்கல் தாண்டட்டும் என்பேன். காலேஜில் பரீட்சை வேலை என்பேன். அவன் மேஜைக்கு முன்னால் மறுபடி போய் நிற்க எனக்குப் பயம், அவ்வளவுதான். நீ தினம் தினம் நின்ற இடத்தில் ஒரு தடவை நிற்க எனக்குப் பயம். பார்க்கும்போதெல்லாம், "வாங்கிட்டியா?" என்பாய். நான் தலையைக் குனிந்தால் வேறு பேச்சுக்குப் போய்விடுவாய்.

கம்பெனி வேன் ஓட்டுகிறவரை நீ கட்டிக்கொண்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எப்படிடி சம்மதிச்சே என்று துருவினேன். "மூணு தடவ கேட்டாரு. மூணு தடவயும் கேட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் தள்ளி நின்னாரு. அவ்ளோதான்டி." இதைக் கைடில் எழுதினால் அரை வரிகூட வராது. ஆனால் அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேனே, எனக்குப் போதும்.

இந்தக் கார்த்திகை மழையில் காய்ச்சல் என்றார்கள். சாதாரணக் காய்ச்சல் என்று நீ போனில் சொன்னாய், சொல்லிவிட்டு, "நோட்டு?" என்றாய். "இந்த மாசம் கண்டிப்பா" என்றேன். டெங்கு. நாலு நாள். நான் வந்தபோது தெருமுனையிலேயே ஷாமியானா தெரிந்தது. உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, சாப்பிட்டுப் போங்க என்றார், அவ்வளவுதான். அங்கே எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, என் மேலேயே. ஏழு வருஷத்தில் ஒரு பத்து நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லையா?

பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது. இலையை விட்டு எழுந்தவள் நேராக மில்லுக்கு வண்டியை விட்டேன். நடுவில் வீட்டுக்குப் போனால் மறுபடி ஏதாவது சாக்கு வந்துவிடும் என்று தெரியும். அவன் நெல் பார்க்க விழுப்புரம் போயிருந்தான். வீடு மில் காம்பவுண்டுக்குள்ளேயே. அவன் மனைவி சுதா வந்தாள். முப்பது வயது இருக்கும். கழுத்து நிறைய நகை, ஆனால் பாதி வாக்கியத்திலேயே கேட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஒரு பழைய நோட்டு, என் சிநேகிதியுடையது, பிரவுன் அட்டை என்று நான் தடுமாறும்போதே, "தெரியும்க்கா, இருங்க" என்று உள்ளே போனாள். சாமி ரூமில் பழைய காலண்டர்களுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தாள்.

"நீங்கதான் அந்த அக்காவா?"

"இல்லம்மா. நான் அவ ஃப்ரெண்டு."

"அவங்க எப்படி இருக்காங்க?"

சொன்னேன். அவள் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்த மாதிரி அழுதாள். முன்னே பின்னே பார்த்திராத உனக்காக.

கல்யாணமான இரண்டாவது வருஷம், ஆயுத பூஜைக்கு ஆபீஸை ஒழிக்கும்போது மேஜை டிராயரில் கிடைத்ததாம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள்; முதலில் பழைய காதல் என்று நினைத்துப் பொறாமையோடு படித்தாளாம். படித்து முடித்தபோது பொறாமை போய்விட்டதாம். "அவரு என்னை அடிச்சதில்லக்கா. ஆனா தனியா எங்கியும் வுட்டதில்ல. போன அவருதான் பாப்பாரு. எங்கம்மா வூடு தோ கண்டமங்கலம், அவரு கார்லதான் போவணும், அவரு கார்லதான் வரணும். போயி மூணு வருஷம் ஆவுது. எதனா கேட்டா, உனுக்கு இன்னா கொறைன்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கே புத்தி சரியில்லையோன்னு இருந்தேன். இத்தப் படிச்சப்பறம்தான் இல்லன்னு தெரிஞ்சுது." நோட்டை என்னிடம் நீட்டினாள். "நடுவுல காலியா இருந்த பக்கத்துல நான் அவங்களுக்கு எழுதியிருக்கேன். என்னிக்காவது பாத்தா குடுக்கலாம்னு. இப்ப நீங்க படிங்க."

முன்னால் உன் அசைன்மெண்ட். பின்னால் உன் கடிதங்கள். இரண்டுக்கும் நடுவில் நாற்பது பக்கம் அவள் கையெழுத்து, தமிழில். ஒவ்வொன்றும் "லேபிள்ல பேரு இருக்கிற அக்காவுக்கு" என்று தொடங்குகிறது. அதனால்தான் அடுப்பை அணைத்தேன். உன்னுடையதை எரிக்க எனக்கு உரிமை கொடுத்திருக்கிறாய், அவளுடையதை எரிக்க நான் யார்?

அன்றைக்கு அந்தப் படியில் நிற்கும்போதே என் வாய் துறுதுறுவென்று இருந்தது. மகளிர் ஸ்டேஷனில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், என்னிடம் படித்தவள் ஒருத்தி வக்கீல், இதை இப்படியே கொண்டுபோய் அவளிடம் கொடுத்தால் என்று எல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தப் பெரிய மனுஷி இன்னும் சாகவில்லை. நோட்டுக்காக நீட்டின கை அந்தரத்தில் நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "நான் இன்னா பண்ணணும், நீயே சொல்லும்மா" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

சுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வியாலக்கிழம அவரு சென்னைக்குப் போறாரு. எங்கம்மா வூட்டுக்குப் போயிடலாம்னு இருக்கேன். ஒரு பைதான் எடுத்துப்பேன். தனியாப் போனா வாட்ச்மேன் அவருக்குப் போன் போட்டுட்டு நிறுத்தி வெப்பாரு. கூட ஆளு இருந்தா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அஞ்சு மணிக்கு நீங்க வந்து கேட்டாண்ட நில்லுங்கக்கா. பஸ்ஸு ஏர்ற வரைக்கும். வேற ஒண்ணும் பண்ண வேணாம்."

என் முகம் எப்படிப் போயிற்றோ, "இன்னாக்கா, முடியாதா?" என்று பயந்துவிட்டாள். முடியும் என்று இரண்டு தடவை சொன்னேன். உன் கடிதத்தைத்தான் மனப்பாடமாகச் சொன்னாளா, தன் மனசில் பட்டதைச் சொன்னாளா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

நாளைக்குத்தான் வியாழக்கிழமை. வாட்ச்மேன் என்ன சொல்வார், அவன் போகாமல் நின்றுவிட்டால், கண்டமங்கலத்தில் அவள் அம்மா, ஏண்டி வந்தே என்று கேட்டுவிட்டால், நாலு நாளில் அவன் தட்டோடு போய்க் கூட்டிவந்துவிட்டால், இப்படி நேற்றிலிருந்து மனசு ஓடிக்கொண்டே இருக்கிறது. எதற்கும் பதில் இல்லை. என்னைக் கேட்டது நிற்கச் சொல்லி மட்டும்தான் என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தேன். பின்பக்கத்திலிருந்து உன் தாள்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். பதினோரு தாள். படிக்கவில்லை, சத்தியமாக. கடைசித் தாளில் கோடு போட்ட வரி மட்டும் தானாகக் கண்ணில் பட்டுவிட்டது. எல்லாம் எரிந்தது. இனி அவன் கையில் உன் எழுத்து இல்லை. ஏழு வருஷம் தாமதம், ஆனாலும் இல்லை. முன்பக்கத்து அசைன்மெண்ட்டை நான் வைத்துக்கொள்கிறேன், கோபிக்காதே. நடுப்பக்கங்களைத் தைத்து, நாளை சுதாவிடமே கொடுத்துவிடுவேன். அதை அவள் யாரிடம் காட்டுவாள், காட்டமாட்டாள் என்பது அவள் பாடு.

ஸ்கூட்டியை எடுக்கப் போவதில்லை, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளோடு நடக்க வேண்டும். அந்த ஐந்து இருபது பஸ் இப்போது ஐந்தரைக்கு மேல்தான் வருகிறதாம், விசாரித்துவிட்டேன். காலேஜுக்கு லீவு சொல்லியாயிற்று. சாயங்கால டியூஷன் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன். ஐந்து மணி என்றாலும் நான் நாலரைக்கே போய் நிற்பேன். நீ உள்ளே இல்லை என்று தெரியும். இருந்தாலும் ஐந்து மணிக்கு அந்தக் கேட் திறக்கும்போது, தோளில் பையை மாட்டிக்கொண்டு முதலில் நீ வருகிறாயா என்றுதான் பார்ப்பேன்.